ரிசல்ட் என்ன வரணும், மேம்?

முதலாண்டுப் பிள்ளைகள் லேபுக்குள் நுழைந்து வெள்ளைக் கோட்டுக்குப் பித்தான் போட்டு முடிப்பதற்குள் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "மேம், இதுக்கு ரிசல்ட் என்ன வரணும்?" எந்த ஆண்டு பேட்சும் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் உப்பின் பெயர் தெரிந்த பிறகு சோதனையை எழுதிப் பழகியவர்கள். இங்கே வந்தால் சீனியர் அக்காவின் பழைய ரெக்கார்டு நோட்டு முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும். அதில் ஈ.கோலை இளஞ்சிவப்புப் பென்சிலில் குட்டிக் குச்சிகளாகவும், ஸ்டஃபைலோகாக்கஸ் ஊதாப் பென்சிலில் திராட்சைக் கொத்தாகவும் வரையப்பட்டிருக்கும். மைக்ரோஸ்கோப்பில் குனியும் முன்பே படம் வரைந்தாகிவிடும்.

தென் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு நுண்ணுயிரியலுக்குத் தியரியும் பிராக்டிகலும் நான்தான் எடுக்கிறேன். காலையில் தியரி, மதியத்துக்கு மேல் லேப். தியரியில் கிருமிகள் சொன்ன பேச்சைக் கேட்கும். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹோக், மிளகு ஊறிய தண்ணீரில் சின்னஞ்சிறு உயிர்களைக் கண்டு 1676-இல் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதுவார். பாஸ்டர் வளைகழுத்துக் குடுவையைக் கொதிக்கவைப்பார். காக் 1876-இல் ஆந்த்ராக்ஸையும் 1882-இல் காசநோய்க் கிருமியையும் நிரூபிப்பார். பெல்சார் பாடப்புத்தகத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஐந்து யூனிட்டும் முடிந்துவிடும். கேள்வித்தாளும் அதே வரிசையில் வரும். மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் கதை மாறும்.

தியரியில் நான் நேரம் எடுத்துக்கொண்டு சொல்கிற பாடம் அகார். காக்கின் ஆய்வகத்தில் முதலில் உருளைக்கிழங்குத் துண்டு, பிறகு ஜெலட்டின். ஜெலட்டின் கோடையில் உருகும். சில பாக்டீரியாக்கள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். அங்கே வேலை பார்த்த வால்ட்டர் ஹெஸ்ஸெ இதைச் சொல்லி அலுத்துக்கொள்ள, அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸெ தன் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகாரைச் சொன்னார். ஜாவாவில் இருந்து வந்த அண்டை வீட்டாரிடம் கற்றது அது. கொதிநிலைக்குப் பக்கத்தில் உருகும், 40 டிகிரி வாக்கில்தான் உறையும், 37 டிகிரி இன்குபேட்டரில் கெட்டியாக நிற்கும், பெரும்பாலான கிருமிகளுக்கு அதைச் செரிக்கத் தெரியாது. காக் 1882 கட்டுரையில் அகாரைப் போகிறபோக்கில் சொன்னார். ஃபானியின் பெயரைச் சொல்லவில்லை. காக்கிடம் உதவியாளராக இருந்த பெட்ரி 1887-இல் ஒரு மூடித் தட்டைச் செய்தார், அவர் பெயர் இன்றும் உலகத்து லேபெல்லாம் புழங்குகிறது.

ஒரு வருடம் இந்தப் பாடம் நடக்கும்போது ராமேஸ்வரம் பக்கத்துப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "மேம், எங்கம்மா பாசி எடுக்கத்தான் போறாங்க." மன்னார் வளைகுடாவில் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியில் இருந்தும் இதே அகார்தான் எடுக்கிறார்கள். நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சும் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். அன்றைக்கு மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. அவள் அம்மா ஒரு கிலோவுக்கு வாங்குகிற காசையும், எங்கள் லேப் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கிற விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போர்டில் எழுதிப் பார்த்தோம். சிலபஸில் இல்லாத கணக்கு அது.

லேபில் முதல் சில வாரங்கள் கிருமியே கிடையாது. கண்ணாடிச் சாமான் கழுவுவது, உறிஞ்சாத பஞ்சில் அடைப்பான் திரிப்பது, பிப்பெட்டை நியூஸ்பேப்பரில் சுற்றுவது. "இதுக்கா மேம் சேர்ந்தோம்?" என்று முகம் கேட்கும். அடைப்பான் தளர்ந்திருந்தால் குடுவையைத் தூக்கும்போது தானாகக் கழன்று வரும். இறுகியிருந்தால் சுடர் அருகே ஒற்றைக் கையால், சுண்டுவிரலில் பிடித்துத் திறக்க வராது. இரண்டாம் வாரம் அவர்களுக்கே இது புரிந்துவிடும்.

ஆட்டோகிளேவ் எங்கள் லேப் அட்டெண்டரின் ராஜ்ஜியம். பிள்ளைகளுக்கு அவர் அண்ணன். 121 டிகிரி, 15 பவுண்டு, 15 நிமிடம் என்று நான் போர்டில் எழுதுவேன். அண்ணன் வேறொன்று சொல்லித்தருவார்: உள்ளே இருக்கிற காற்று முழுக்க வெளியேறி, ஆவி ஒரே சீராகச் சீறும்வரை வால்வை மூடாதே. காற்று உள்ளே தங்கிவிட்டால் முள் 15-ஐக் காட்டும், சூடு 121-ஐத் தொட்டிருக்காது. தண்ணீர் கொதிப்பதற்கெல்லாம் அசையாத பாசில்லஸ் ஸ்போர்கள் அந்த வித்தியாசத்தில் உயிர் பிழைத்துக்கொள்ளும். "முள்ளை நம்பாதப்பா, சத்தத்தைக் கேளு" என்பார். எனக்கு முந்தைய ஹெச்.ஓ.டி. காலத்திலிருந்து இருக்கிறவர். அவர் லீவு போட்டால் நான் தியரி எடுக்கவே விரும்புவேன்.

தட்டு ஊற்றும் நாளில் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். இருக்கிற ஒரே லேமினார் ஏர் ஃப்ளோ மூன்றாமாண்டுக்கும் ப்ராஜெக்டுக்கும். முதலாண்டு திறந்த மேசையில், பன்சன் பர்னர் பக்கத்தில்தான் வேலை செய்ய வேண்டும். சுடரில் இருந்து மேலே எழும் சூடான காற்றுதான் அவர்களுக்குக் கவசம். வெளியே நாற்பது டிகிரி வெயில், உள்ளே வரிசையாகச் சுடர், மூடிய ஜன்னல், முழுக்கைக் கோட்டு. குடுவையைப் புறங்கையில் வைத்தால் சூடு தாங்குகிற பதத்தில், சுமார் 45 டிகிரியில், தட்டின் மூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கி ஊற்றச் சொல்வேன். அதற்கு மேல் சூடாக ஊற்றினால் மூடியில் வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும்; ஆறவிட்டால் கட்டிகட்டியாக விழும். உறைந்ததும் கவிழ்த்து வைக்க வேண்டும், மூடியில் கோத்த நீர் காலனிகள்மேல் சொட்டாமல் இருக்க.

ஒவ்வொரு குழுவும் ஒரு தட்டில் எதையும் தேய்க்காமல், ஊற்றியபடியே மூடி, மற்றவற்றோடு இன்குபேட்டரில் வைக்கும். அதுதான் கண்ட்ரோல். பிள்ளைகளுக்கு அந்தத் தட்டின்மேல் மதிப்பே இருக்காது. விரலைப் பதித்த தட்டு, பத்து ரூபாய் நாணயத்தை உருட்டிய தட்டு, செல்போன் திரையை ஒற்றிய தட்டு, இவற்றைத்தான் போட்டி போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். செல்போன் தட்டைப் பார்த்துவிட்டு ஒருவாரம் போனைத் துடைத்துக்கொண்டே திரிவார்கள். ஒன்றும் வளராத தட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒருமுறை ஒரு குழுவின் கண்ட்ரோலில் நடுவாந்தரமாக ஒரு வெள்ளைப் பஞ்சு, மேலே மிளகுத்தூள் தூவிய மாதிரிக் கரும்புள்ளிகள். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். ஊற்றும்போது வெக்கை தாங்காமல் யாரோ ஒரு நிமிடம் ஃபேனைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழுத்தலைவி தட்டைத் தனியே எடுத்துவந்து மெதுவாகக் கேட்டாள்: "மேம், மத்த தட்டெல்லாம் சூப்பரா வந்திருக்கு. இதை மட்டும் விட்டுட்டு எழுதிக்கிறோமே?" அவளை மற்ற தட்டுகளின் பக்கத்தில் உட்காரவைத்தேன். விரல் பதித்த தட்டில் இருக்கும் இந்த மஞ்சள் காலனி விரலில் இருந்து வந்ததா, ஃபேனில் இருந்து வந்ததா? நாணயத்துத் தட்டில் உள்ள இந்தப் பூஞ்சை? அவளால் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியாது. அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, ரிசல்ட் பக்கத்தில் 'கண்ட்ரோலில் பூஞ்சை, முடிவு சொல்ல இயலாது' என்று எழுதினாள். முழு மதிப்பெண் போட்டேன். மற்ற குழுக்கள் சண்டைக்கு வந்தன.

காலேஜ் டைம்டேபிளுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒத்துப்போவதில்லை என்பது இந்தப் பாடத்தின் பழைய பஞ்சாயத்து. செவ்வாய்க்கிழமை தேய்த்த தட்டு புதன் காலையில் பார்க்கத் தயார். அடுத்த லேப் அடுத்த செவ்வாய். அண்ணன் இருபத்துநாலு மணி நேரத்தில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, வாரம் கழித்துக் கொடுத்தால் பிள்ளைகள் பார்ப்பது விறைத்துப்போன ஏதோ ஒன்று. அதனால் மறுநாள் முதல் மணிக்கு முன்பு வந்து அவரவர் தட்டை அவரவர் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பஸ் பிடித்து வருகிறவர்களுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் வருகிறார்கள். நான்கு பாகமாக ஸ்ட்ரீக் பண்ணிய தட்டில் கடைசி பாகத்தில் தனித்தனியாக, வட்டமாக, குண்டூசித் தலையளவு காலனிகளை முதல்முறை பார்க்கிற முகத்தை எந்த பவர்பாயிண்ட்டாலும் வரவழைக்க முடியாது.

கிராம் சாயமேற்றலுக்கு வருகிறேன். முதலாண்டில் இது ஒன்று கைக்கு வந்துவிட்டால் போதும் என்பது என் கட்சி. ஸ்லைடில் ஒரு சொட்டு நீர். லூப்பைச் சிவக்கச் சுட்டு, ஆறவிட்டு, காலனியைத் தொட்டும் தொடாமலும் எடுத்து அந்த நீரில் கலக்கிக் காசளவு பரப்ப வேண்டும். முதல்முறை எல்லோரும் பசை மாதிரி அப்புவார்கள். காற்றில் உலரவிட்டு, சுடருக்கு மேலே மூன்று தடவை வெடுக்கென்று காட்டி எடுப்பது. கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அலசல், அயோடின் ஒரு நிமிடம், அலசல். அடுத்தது ஆல்கஹால், அங்கேதான் எல்லாம் இருக்கிறது. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, மேல் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஊதா வழிந்து ஓடும்; வெளிறும்; சொட்டு நிறமில்லாமல் விழுகிற அந்தக் கணத்தில் தண்ணீர் காட்டிவிட வேண்டும். பத்து முதல் இருபது விநாடிக்குள் முடிகிற காரியம். நீண்டால், தடித்த பெப்டிடோகிளைக்கன் சுவர் உள்ளதும் சாயத்தை விட்டுவிடும். குறைந்தால், விடவேண்டியதும் பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசியில் இளஞ்சிவப்புச் சாஃப்ரனின். இதற்குள் பாதிப் பேருக்கு ஸ்லைடின் எந்தப் பக்கத்தில் ஸ்மியர் போட்டோம் என்பது மறந்திருக்கும், மைக்ரோஸ்கோப்புக்கான எண்ணெயை மறுபக்கத்தில் விட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள். நோய்க்கிருமி வேண்டாம் என்று முதலில் வீட்டுத் தயிரைத்தான் கொண்டுவரச் சொல்வேன். ஊதாக் குச்சிகளும் சங்கிலிகளும் வரும். ஒருத்தன் இட்லி மாவு கொண்டுவந்தான்; மாவைப் பொங்கவைக்கும் லியூகோனாஸ்டாக் ஜோடிஜோடியாகத் தெரிந்ததும், வீட்டுக்குப் போன் போட்டு ஆச்சியிடம் சொன்னான். ஆச்சி என்ன சொன்னார் என்று அவன் எங்களிடம் சொல்லவில்லை.

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், டென்மார்க்காரர். பெர்லின் மருத்துவமனைப் பிணவறையில், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமியைத் தனியே பார்க்க வழி தேடும்போது 1884-இல் இதைக் கண்டார். சாஃப்ரனின் பிற்பாடு சேர்ந்தது. தன் முறை இன்னும் குறையுள்ளது, நிறைவற்றது என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதி வைத்தார். நூற்று நாற்பது ஆண்டுகளாக உலகம் தினமும் செய்கிற சோதனையின் ஆசிரியர் எழுதியது அது. எங்கள் பிள்ளைகளின் ரெக்கார்டில் அப்படி ஒரு வாக்கியம் இருக்காது.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த ஒரு லேபில் பாசில்லஸ் சப்டிலிஸ் கொடுத்தேன். பழைய ரெக்கார்டு எல்லாவற்றிலும் அது ஊதா. ஓரத்து மேசைப் பெண் மட்டும் எழுதவில்லை. "மேம், எனக்குப் பாதி ஊதா, பாதி பிங்க். தப்பாப் பண்ணிட்டேன் போல." மூன்று தடவை மறுபடி போட்டுவிட்டாளாம், மூன்றிலும் அதே. குனிந்து பார்த்தேன். ஒரே உருவக் குச்சிகள், ஒரே சங்கிலியிலேயே சிலது ஊதா, சிலது இளஞ்சிவப்பு. இரண்டு வகைக் கிருமி கலந்திருந்தால் பெரும்பாலும் உருவம் வேறுபட்டிருக்கும். விடுமுறை முழுக்கக் கிடந்த பழைய கல்ச்சர் அது. வயதாகும்போது பாசில்லஸின் செல்சுவர் சாயத்தைப் பிடித்துவைக்கும் திராணியை இழக்கும். பக்கத்து மேசைகளுக்குப் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே பாதிக்குப் பாதிதான். ஆனால் நோட்டில் எல்லோரும் முழு ஊதா தீட்டியிருந்தார்கள். மறுநாள் பதினெட்டு மணி நேரக் கல்ச்சரில் போட்டாள், எல்லாம் ஊதா. இரண்டு படத்தையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொன்னேன்.

எண்ணிக்கையில் பொய் இன்னும் சுலபமாக மாட்டும். வேப்பமரத்தடி மண்ணை ஒன்பது மில்லி நீரில் ஒரு கிராம், அதிலிருந்து மறுபடி ஒன்பது மில்லியில் ஒரு மில்லி என்று படிப்படியாக நீர்க்க வைத்து ஊற்றுவோம். 30-க்கும் 300-க்கும் இடையில் காலனி உள்ள தட்டை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு படி தள்ளினால் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும் என்பது தாளில். நிஜத்தில் ஒரு தட்டில் 212 வரும், அடுத்ததில் 34 வரும், அதற்கடுத்து 2 அல்லது 5. குழாயைச் சரியாகக் குலுக்காதது, பிப்பெட் நுனியில் ஒட்டிய துளி, ஒட்டிக்கொண்டே இருந்து ஒரே காலனியாக வளர்ந்த நான்கு செல்கள், எத்தனையோ காரணம். 240, 24, 2 என்று எழுதிய நோட்டு வந்தால் தட்டைக் கொண்டுவா என்பேன். தட்டைக் கழுவிவிட்டதாகப் பதில் வரும். அதே தட்டுகளில் சுண்ணாம்புப் பொடி பூசியது மாதிரிக் கெட்டியான சின்னக் காலனிகள் இருக்கும், ஸ்ட்ரெப்டோமைசஸ். தட்டை மோந்து பார்க்கக் கூடாது என்பது விதி. மூடியிருக்கும்போதே முதல் மழை வாசம் வரும், அந்த விதியை யாரும் மீற வேண்டியதில்லை.

தண்ணீர்ச் சோதனைதான் எனக்குத் தலைவலி கொடுத்தது. எம்.பி.என். என்பார்கள். மூன்று மூன்றாக ஒன்பது குழாய்கள், உள்ளே தலைகீழாக ஒரு குட்டி டர்ஹாம் குழல். லாக்டோஸைப் புளிக்கவைத்து வாயு விடும் கிருமி இருந்தால் குட்டிக் குழலில் குமிழி நிற்கும். பிள்ளைகள் கிணறு, ஊருணி, கேன் தண்ணீர் என்று கொண்டுவருவார்கள். ஒரு குழு எங்கள் கட்டிடத்துக் குடிநீர்க் குழாயிலிருந்தே பிடித்துவந்தது. குமிழி நின்ற குழாய்கள் 3-1-0, அட்டவணையில் 100 மில்லிக்கு 43. சந்தேகத்துக்கு ஈ.எம்.பி. தட்டில் ஸ்ட்ரீக் பண்ணினோம். பச்சை உலோகப் பளபளப்பு, வண்டு முதுகில் வெயில் பட்டது மாதிரி: ஈ.கோலை. குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம்.

தகவல் மேலே போனது. "பிள்ளைங்க பண்ற டெஸ்ட்தானே, ரெக்கார்டுல அதை எழுத வேண்டாமே" என்று எனக்குச் சொல்லப்பட்டது, மரியாதையாகத்தான். கண்ட்ரோலில் பூஞ்சை வந்ததை எழுத வைத்தவள் இதை எழுதாதே என்று எப்படிச் சொல்வது? எழுதினார்கள். தொட்டியைக் கழுவி குளோரின் போட்டபின் மறுபடி எடுத்தோம். எல்லாச் சோதனைக் குழாயும் நெகட்டிவ். கடைக்கோடிக் குடிநீர்க் குழாயிலும் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. அதையும் எழுதினார்கள். அந்த ஆண்டு தண்ணீர்ச் சோதனையை சிலபஸில் 'டெமோ' என்று மாற்றலாமா என்று ஒரு யோசனை வந்தது. போர்டு ஆஃப் ஸ்டடீஸில் நான் எதிர்த்தேன், தேநீர் வரும்வரை. அது அப்படியே நின்றுபோனது.

பிராக்டிகல் தேர்வு முறைமீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. மூன்று மணி நேரத்தில் எந்தக் கிருமியும் காலனியாக வளராது. அதனால் செய்முறையை எழுதி, சாயமேற்றிக் காட்டி, ஸ்பாட்டர் மேசையில் வரிசையாக வைத்த தட்டையும் டர்ஹாம் குழலையும் அடையாளம் சொல்லி, வைவாவில் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னால் முடிந்தது. ரெக்கார்டுக்குத் தனி மதிப்பெண். அது அழகாக இருக்க வேண்டும். அழகாக இருக்க வேண்டும் என்பதிலேயே வினை ஆரம்பமாகிறது. நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். ரிசல்ட்டை அன்றன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டில் பேனாவால் எழுதி, தட்டு கண்முன்னே இருக்கும்போது என் கையெழுத்து வாங்க வேண்டும். அடித்தால் ஒற்றைக் கோடு, ஒயிட்னர் கிடையாது. ஃபேர் ரெக்கார்டுக்கு எவ்வளவு கலர் பென்சில் வேண்டுமானாலும் தீட்டிக்கொள்ளட்டும். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர்களில் சிலர் அந்த நாற்பது பக்க நோட்டைப் புரட்டி, 'என்ன மேடம் இவ்வளவு அழுக்கா இருக்கு' என்பார்கள்.

ஹோசூர்ப் பக்கம் மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிற பழைய மாணவி ஒருத்தி அவ்வப்போது போன் பண்ணுவாள். ஃபேனைப் போட்ட குழுவில் இருந்தவள். அங்கே நெகட்டிவ் கண்ட்ரோலில் ஒரே ஒரு காலனி வந்தால் அந்த நாளின் சோதனை முழுக்க நின்றுபோகுமாம்; யார் ஊற்றினார், எந்த ஆட்டோகிளேவ் சுற்று, எந்தக் கையுறை என்று விசாரணை ஓடுமாம். "இங்க ஏ.சி. மேம், ஃபேனே கிடையாது" என்று சிரித்தாள்.

இப்போது கோடை விடுமுறை நெருங்குகிறது. ஸ்டாக் கல்ச்சர்களை ஸ்லாண்ட்டில் புதிதாகத் தேய்த்து, அண்ணன் மெழுகு பூசி ஃப்ரிட்ஜில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். மே மாதக் கரண்ட் கட்டில் அந்த ஃப்ரிட்ஜ் என்ன செய்யும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஜூனில் திறந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு குழாயையும் கிராம் பண்ணிப் பார்ப்பது. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மறைத்து வைத்துக்கொண்டு. போன வருடம் ஈ.கோலை என்று எழுதிய குழாயில் ஊதாக் கொத்துகள் வந்தன. ஆட்டோகிளேவில் போட்டு அழித்துவிட்டு, சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து உறைய உலர்த்திய ஆம்பியூலாகப் புதிதாக வரவழைத்தோம். என் கைக்காசுதான். பில்லை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். 'பாக்டீரியா, ஒன்று' என்று எழுதிய பில்லை எந்தத் தலைப்பில் பாஸ் பண்ணுவது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.